கண்மாய்க் கரையில் விடிய விடிய ஓடும் ஒலிப்பதிவுப் பெட்டி

பறவைக் குரல் பதியும் இந்தப் பெட்டியை இருட்டும் நேரத்தில் மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். காலை எட்டு மணிக்குப் போய்க் கழற்றினால் பதின்மூன்று மணி நேரக் கண்மாய் உள்ளே இருக்கும். பக்கி, தவளை, ஆந்தை, விடியலுக்கு முன் குண்டுகரிச்சான், அப்புறம் ஒட்டுமொத்தக் கரையும். பக்கத்தில் ஆள் இல்லாததுதான் இந்த அமைப்பின் பலம். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை பதிவாவது பெரும்பாலும் ஆட்காட்டியின் எச்சரிக்கைக் குரல்தான். சட்டை உரசலும், கால் மாற்றி நிற்கும் சத்தமும் கூடவே வந்துவிடும்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில், கருவேல மரத்தில் கட்டிச் சோதித்து இப்போது ஒழுங்குக்கு வந்திருக்கும் அமைப்பு இது. ரெக்கார்டர், பவர்பேங்க் தவிர்த்து மற்ற எல்லாம் 3,500 ரூபாய்க்குள் அடங்கியது. காசை மைக் கேப்சூலுக்கும் (ஒலியை மின்சிக்னலாக மாற்றும் சின்ன உறுப்பு) காற்றுத் தடுப்புக்கும் போட வேண்டும். ரெக்கார்டர் சுமாரானதாக இருந்தாலே போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த ரெக்கார்டரை வாங்கி, அதன் சொந்த மைக்கை வெறும் ஸ்பாஞ்ச் உறையோடு காற்றில் நிறுத்தினால், கிடைப்பது இரைச்சலும் உறுமலும்தான்.

கேப்சூல்

முதல் ஜோடி மைக், சென்னை ரிச்சி தெருவில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண எலெக்ட்ரெட் கேப்சூலில் செய்தது. பகலில் காக்கையும் மயிலும் நன்றாகவே பதிந்தன. இரவுப் பதிவு முழுக்க 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். காரணம் எளிது. இந்த வகைக் கேப்சூலின் சிக்னல்–இரைச்சல் விகிதம் 60 டெசிபெல் அளவில் இருக்கும். அளவீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஒலி 94 டெசிபெல் என்பதால், அதிலிருந்து இந்த விகிதத்தைக் கழித்தால் மைக் தானே போடும் இரைச்சல் தெரியும்: 34 டெசிபெல். பூச்சிகள் அடங்கிய நேரத்தில் கண்மாய் அதைவிட அமைதியானது. தூரத்து ஆந்தையின் குரல் அந்த இரைச்சலுக்கு அடியில் மூழ்கிப் போகும்.

ஆகவே 80 டெசிபெல் விகிதம் உள்ள கேப்சூல்தான் வேண்டும். இதில் இரண்டு பேர்போனவை: பிரைமோ இஎம்272, பியுஐ ஆடியோ ஏஓஎம்-5024எல். இரண்டின் சொந்த இரைச்சலும் 14 டெசிபெல். பியுஐ வகையின் உணர்திறன் -24 டெசிபெல், பிரைமோ -28. உணர்திறன் கூடுதலாக இருந்தால் ரெக்கார்டருக்கு வலுவான சிக்னல் போகும், ரெக்கார்டரின் மலிவான முன்பெருக்கி (சிக்னலைப் பெரிதாக்கும் உட்சுற்று) போடும் இரைச்சல் அடியில் மறைந்துவிடும். சுமாரான ரெக்கார்டர் போதும் என்று சொல்வது இந்தத் தைரியத்தில்தான். இங்கே எடுத்தது பியுஐ வகை. வெளிநாட்டு உதிரிபாகக் கடைகள் இணையத்தில் தருகின்றன. கூரியரும் வரியும் கேப்சூல் விலையைத் தாண்டிவிடும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

இரண்டு வேண்டுமென்றால் குறைந்தது ஆறு வாங்குங்கள். ஒன்றுக்கொன்று 3 டெசிபெல் வரை கூடக் குறைய இருக்கும். ஜோடி சேர்க்க, மின்விசிறியை நிறுத்திய அறையில் ஒரு மீட்டர் தள்ளி ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஒவ்வொரு கேப்சூலையும் அதே இடத்தில் துணிக் கிளிப்பில் நிறுத்தி அரை நிமிடம் பதிய வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ஆர்எம்எஸ் (சராசரி வலு) அளவைப் பார்த்து, அரை டெசிபெலுக்குள் ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் உதிரிக்கு.

பற்றவைப்பு

கேப்சூலின் பின்புறம் இரண்டு பற்றவைப்புத் திட்டுகள் இருக்கும். உலோக உறையோடு மெல்லிய கோடுகளால் இணைந்திருப்பது கிரவுண்ட். உள்ளே ஒற்றைக் கம்பியும் சுற்றிலும் வலையும் உள்ள, 2.5 மி.மீ. தடிமனான ஷீல்டு கேபிள் போதும். உள் கம்பி சிக்னலுக்கு, வலை கிரவுண்டுக்கு. கேபிள் நீளம் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர்.

சூடுதான் கேப்சூலின் எதிரி. சால்டரிங் அயர்ன் 330 டிகிரியில், மெல்லிய முனையோடு, ஒரு திட்டுக்கு இரண்டு விநாடிக்கு மேல் தொடக் கூடாது. கம்பியின் நுனிக்கு முன்கூட்டியே ஈயம் பூசி வைத்துக்கொண்டால் ஒரு தொடுதலில் ஒட்டிவிடும். முதல் திட்டு முடிந்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சூடு பட்ட கேப்சூல் உடனே செத்துவிடுவதில்லை. வேலை செய்யும், ஆனால் இரைச்சல் கூடியிருக்கும். அதனால் பற்றவைத்த பிறகு ஜோடி சேர்க்கும் சோதனையை இன்னொரு முறை செய்வது நல்லது. நள்ளிரவில் பீரோவுக்குள் போர்வைகளுக்கு நடுவே இரண்டையும் வைத்து ஐந்து நிமிடம் பதிந்து ஒப்பிட்டால் கெட்டுப்போனது தனியாகத் தெரிந்துவிடும்.

உறைக்கு எங்கெங்கோ தேட வேண்டியதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபில் 10 மி.மீ. உள்விட்டம் உள்ளதை நாலு செ.மீ. வெட்டி, கேப்சூலை முன்விளிம்போடு சமமாக நிற்கும்படி செருகினால் கச்சிதமாக உட்காரும். 9.7 மி.மீ. கேப்சூலுக்கு ஒரு சுற்று டேப் போதும். பின்பக்கம் ஹாட் குளூ. மென்மையான டியூப் என்பதால் மரத்தின் அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வெப்பத்தால் சுருங்கும் குழாயைக் கேப்சூலின் மேல் நேராகச் சூடாக்குவது வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும்.

மறுமுனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக். முனை இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். வலது மைக்குக்குச் சிவப்பு டேப். இரண்டு மைக்குகளையும் சேர்த்துப் பிடித்துக் கைதட்டிப் பதிந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒரே திசையில் எழ வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழும் போனால் இரு பக்க இணைப்புகளையும் சரிபாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் ஹெட்போனில் ஒலி தலைக்கு நடுவே நிற்காமல் விலகி விலகிப் போகும்.

காற்று

வெளியில் பதிபவர்களின் முழுநேரத் தொல்லை காற்றுதான். காது உணராத மெல்லிய காற்றுக்கே மைக் உறுமும். மைக்கை ஒட்டிப் போடும் ஸ்பாஞ்ச் உறை அறைக்குள் பேசுவதற்குத்தான் லாயக்கு. கரையில் வேலைக்கு ஆகாது. மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் இருக்க வேண்டும், அதற்கு வெளியே ரோமம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் காற்று அடங்கும்.

அசையாத காற்றுக்கு டீ வடிகட்டி. 8 செ.மீ. விட்டமுள்ள இரண்டு எவர்சில்வர் வடிகட்டிகளின் கைப்பிடியை வெட்டிவிட்டு, கிண்ணங்களை எதிரெதிராக வைத்து மூடினால் ஒரு கூண்டு. மைக் அதன் நடுவில், வலையைத் தொடாமல் நிற்க வேண்டும். ரப்பர் பேண்டுகளை குறுக்கும் நெடுக்கும் இழுத்து அதில் தொங்கவிட்டால் போதும். வலை லேசாகக் கிணுகிணுக்கும். விளிம்பு முழுக்க சிலிகான் சீலண்ட் ஒரு கோடு இழுத்தால் நின்றுவிடும். ஜோடிக்கு நாலு வடிகட்டி, 200 ரூபாய்.

ரோமத்துக்கு, பொம்மை தைக்கும் நீள ரோமத் துணி. ரோமம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கடையில் துணியின் பின்பக்கத்தை வாயோடு ஒட்டி ஊதிப் பார்த்து வாங்குங்கள். ஊதிய காற்று மறுபக்கம் கையில் படவில்லை என்றால் பின்னால் பசை பூசிய துணி, அது தேன்சிட்டின் கூர்மையான குரலை மழுக்கிவிடும். முதல் உறை அப்படிப்பட்ட துணியில்தான் தைத்தது. உறையோடும் உறையில்லாமலும் பிங்க் நாய்ஸ் பதிந்து ஒப்பிட்டபோது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியின் வலுவைக் காட்டும் கோடு சரிந்து விழுந்தது. பின்னல் துணி முதுகு உள்ள ரோமத்தில் அந்தச் சரிவு இரண்டு மூன்று டெசிபெலோடு நின்றது. தையல் மடிப்பு உள்பக்கம் தடித்துவிடாமல் ஒட்ட வெட்டுங்கள்.

மழைத்துளி ரோமத்தில் விழுந்தால் கூரையில் கல் விழுவது போலக் கேட்கும். இதற்குக் கைகொடுத்தது ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தைத் துண்டு, 5 செ.மீ. தடிமன். கூண்டுக்கு ஒரு சாண் மேலே சாய்வாகக் கட்டினால் துளி நாருக்குள் சிதறிச் சத்தமில்லாமல் வடியும். மெத்தைக் கடையில் வெட்டுத்துண்டாகச் சும்மாவே தருவார்கள். சாரலுக்கு இது தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது.

பெட்டியும் மின்சாரமும்

ரெக்கார்டர், கேப்சூலுக்கு மின்னழுத்தம் தரும் 'ப்ளக்-இன் பவர்' வசதி உள்ளதாக இருக்க வேண்டும். டாஸ்கம் டிஆர்-05எக்ஸ், ஸூம் எச்1என் இரண்டிலும் உண்டு. அதை ஆன் செய்யாவிட்டால் மைக்குகள் மௌனமாகவே இருக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் 12.5 மி.மீ. துளையிட்டு பிஜி7 கேபிள் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் திருகு மூடி) பொருத்தினால் தண்ணீர் இறங்காது. கேபிள் மெலிசாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து சுருங்கு குழாய் போட்டுத் தடிக்க வைத்த பின்தான் கிளாண்ட் பிடித்தது. உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல். மார்கழி, தை மாதப் பனியில் இது இல்லாவிட்டால் விடியற்காலையில் பட்பட்டென்று வெடிப்பொலி கேட்கத் தொடங்கும். கேப்சூலில் ஈரம் கட்டியதன் அடையாளம் அது. வீட்டுக்கு வந்ததும் மைக்குகளையும் சிலிக்கா டப்பாவுக்குள் போட்டு வைக்க வேண்டும்.

மின்சாரத்தில்தான் எதிர்பாராத சிக்கல். பவர்பேங்கில் இணைத்தால் அரை நிமிடத்தில் தானாக அணைந்தது. ரெக்கார்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று பவர்பேங்க் முடிவுகட்டிவிடுகிறது. வாட்ச், இயர்போன் சார்ஜ் செய்வதற்கென்று 'லோ கரண்ட்' நிலை உள்ள பவர்பேங்க் வாங்கினால் தீர்ந்தது. ஆனாலும் சில பவர்பேங்குகளின் உட்சுற்று பதிவுக்குள் மெல்லிய விசில் ஏற்றும். ஒலியை நேரம், அதிர்வெண் வாரியாகப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் ஆடாமல் அசையாமல் கிடக்கும் படுக்கைக் கோடு இருந்தால் அது பூச்சி அல்ல, பவர்பேங்க். ரெக்கார்டருக்குள் சார்ஜ் செய்த பேட்டரிகளையும் போட்டு வைத்தால் பவர்பேங்க் நின்றுபோனாலும் பதிவு தொடரும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும். ஒரு இரவுக்கு 14 ஜிபி, 32 ஜிபி கார்டு தாராளம். எம்பி3யில் பதிய வேண்டாம். மெல்லிய ஒலியை முதலில் தூக்கி எறிவது அதுதான்.

கட்டும் இடம்

20 முதல் 25 செ.மீ. தடிமன் உள்ள அடிமரம். மரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு மைக், சற்றே முன்னால் தள்ளி. நடுவில் மரம் நம் தலையின் வேலையைச் செய்வதால் ஹெட்போனில் இடம் வலம் அற்புதமாகப் பிரிந்து கேட்கும். கட்டுவதற்கு சைக்கிள் டியூப் பட்டை. ஆணி அடிக்கவே கூடாது. உயரம் ஒன்றரை மீட்டர். அதற்குக் கீழே தரைப் பூச்சிகள் ஆக்கிரமிக்கும், மேலே போகப் போகக் காற்று கூடும். பனைமரத்தை விட்டுவிடுங்கள். காய்ந்த மட்டை சின்னக் காற்றுக்கும் சலசலக்கும். முசுட்டெறும்பு ஏறும் மரமும் ஆகாது. டியூப் பட்டையில் கிரீஸ் தடவி வைத்தால் மற்ற எறும்புகள் தாண்டுவதில்லை.

வெளிச்சம் இருக்கும்போது கட்டி முடித்து, இருட்டிப் பூச்சிகள் தொடங்கும்வரை காத்திருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சில்வண்டு உட்கார்ந்து பாடத் தொடங்கினால் அந்த இரவு அதற்கே சொந்தம். அடுத்த மரத்துக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. கொக்கும் நாரையும் கூடு வைத்திருக்கும் கருவேலங்கூட்டத்துக்குள் எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். தாய்ப்பறவை எழும்பினால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். ஒரு பதிவுக்காக ஒரு கூடு அழிவது நியாயமே இல்லை. கரையோரத்தில் நின்றே எல்லாம் பதியலாம். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இனப்பெருக்க காலத்தில் அதற்குச் செய்யும் கெடுதல். சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கருவி வைக்கக் கூடாது.

கண்மாய் என்றால் மீன்பாசி குத்தகைதாரரிடமும், ஆடு மேய்ப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயர் தொங்கும் டப்பா யாரையும் பயமுறுத்தும். 'பறவைக் குரல் பதியும் கருவி' என்று பெரிய எழுத்தில், தொலைபேசி எண்ணோடு ஒட்டினால் யாரும் தொடுவதில்லை.

மனிதச் சத்தத்தைத் தவிர்க்க நாள் பார்க்க வேண்டும். மார்கழி முழுக்க அதிகாலையிலேயே கோயில் ஒலிபெருக்கி, ஆடியில் அம்மன் திருவிழா. ஆடிக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் கிணற்று மோட்டார்கள் ஓடும். உள்ளூரில் கேட்டால் முறை சொல்வார்கள். மேகமில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று சூடாக இருப்பதால் தூரத்து ஒலி வளைந்து கீழே இறங்கும். பகலில் காதில் விழாத நெடுஞ்சாலை விடியலில் உறுமுவது அதனால்தான். சாலைக்கும் மைக்குக்கும் நடுவே கண்மாய்க் கரையின் மேடு இருக்கும்படி, உள்சரிவில் மரத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த உறுமல் கண்கூடாகக் குறைகிறது. கோடைமழை ஒன்று பெய்து முடிந்த சித்திரை, வைகாசி பறவைகளுக்கு நல்ல காலம். ஐந்து மணிக்கு முன்பே குண்டுகரிச்சான் தொடங்கிவிடும். தவளைக்கு ஐப்பசி.

அளவு வைத்தல்

தானியங்கி அளவு, லிமிட்டர் (உரத்த ஒலியை அடக்குவது), லோ-கட் (அடி ஒலியை வெட்டுவது) மூன்றும் ஆஃப். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசும்போது உச்சம் -20 டெசிபெலைத் தொடும்படி அளவைத் திருகி, பிறகு தொடவே கூடாது. மீட்டரில் இரவு முழுக்கக் கோடு அடியில் கிடக்கும். மனம் கேட்காமல் ஏற்றினால், காலையில் மரத்துக்குப் பக்கத்தில் மயில் அகவும்போது ஒலி உடைந்துவிடும். 24 பிட் பதிவில் குறைவாக இருப்பதைப் பிறகு ஏற்றலாம். உடைந்ததை ஒட்ட வழியில்லை. பதிவைத் தொடங்கியதும் இடம், தேதி, நேரம், வானிலையை வாயால் சொல்லிவிட்டு, 'ஹோல்ட்' பொத்தானைப் போட்டு, டப்பாவை மூடி, விலகிவிடுங்கள். செல்போனை டப்பாவுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், டகடகவென்ற அலைக்குறுக்கீடு ஏறும்.

கோப்பைத் திறந்தால்

பதின்மூன்று மணி நேரத்தையும் யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது. ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றி, 0–12 கிலோஹெர்ட்ஸ் வரம்பு, சாளர அளவு (ஒரு முறைக்கு எடுத்து அலசும் ஒலித்துண்டின் நீளம்) 2048 வைத்து ஓட்டினால் கண்ணாலேயே படிக்கலாம். பூச்சிகள் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலப் பட்டையாகக் கிடக்கும். செம்போத்தின் 'ஊப் ஊப்' அடியில், 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே சின்னச் சின்னத் திட்டாக நிற்கும். காற்று அதற்கும் கீழே அழுக்குப் போலத் தெரியும். வேகமான சிலம்பலைப் பிரித்துப் பார்க்க மட்டும் சாளரத்தை 512க்கு இறக்குங்கள். பெயர் தெரியாத குரலுக்கு, குரலை வைத்துப் பறவையை ஊகிக்கும் பேர்ட்நெட் மென்பொருள் உதவும். அது மூன்று மூன்று விநாடித் துண்டாகப் பார்த்து ஊகம் சொல்வது. ஊகத்தைக் காதால் உறுதிசெய்யாமல் எழுதி வைக்க வேண்டாம்.

திருத்தம் என்று செய்வது ஒன்றுதான்: 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள ஒலியை வடிகட்டுவது. 300, 400 என்று உயர்த்தினால் செம்போத்தும் கொம்பன் ஆந்தையும் மெலிந்துவிடும். இரைச்சல் நீக்கும் கருவியைத் தொட வேண்டாம். பூச்சிப் பட்டையை அழிக்கப்போய், தேன்சிட்டின் குரலைத் தண்ணீருக்குள் பேசுவது போல ஆக்கிவிடும். ஒரு பறவையைத் தனியாக வெட்டும்போது முன்னும் பின்னும் மூன்று விநாடி விட்டு, உச்சத்தை -3 டெசிபெலுக்குக் கொண்டுவந்தால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஒலி நூலகம் கேட்கும் முறைக்குப் பொருந்தும். 2005இல் தொடங்கிய, பறவைக் குரல்களைப் பகிரும் ஸீனோ-கான்டோ தளத்திலும் ஏற்றலாம். தமிழ்நாட்டுச் சமவெளிப் பறவைகளின் நல்ல பதிவுகள் இரண்டிலும் இன்னும் நிறைய வேண்டும். சாதாரணக் கௌதாரி, கானாங்கோழி என்று ஒதுக்காமல் ஏற்றுங்கள். மூலக் கோப்பைக் குறிப்போடு தனியாகச் சேமியுங்கள். இன்று கிடைக்கும் பறவைப் பதிவுகளில் மிகப் பழையது 1889இல் ஜெர்மனியில் சிறுவன் லுட்விக் கோக் மெழுகு உருளையில் பதிந்தது. கூண்டிலிருந்த சோலைப்பாடி என்ற பறவையின் குரல் அது. இன்றும் கேட்க முடிகிறது.

அடுத்த பெட்டியில் மாற்றப் போவது: கேபிளும் டப்பாவும் நிரந்தரமாகச் சேர்ந்திருப்பதால் ஒரு பக்கம் எலி கடித்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. டப்பாவின் வெளிச்சுவரில் நீர்புகாத சாக்கெட் வைத்தால் மைக்கை மட்டும் மாற்றலாம். கேபிளின் வெளிப்பகுதிக்கு ஸ்டீல் சுருள் உறை. ரோம உறை இரண்டு செட். நனைந்தது முழுக்கக் காய ஒரு நாள் பிடிக்கிறது, ஹேர் டிரையரைச் சூடாகக் காட்டினால் செயற்கை ரோமம் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நிழலில் உதறிக் காயப்போட்டு, நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பால் சீவி எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.